கந்தளாய் வீதியில் கொதிக்கும் மொரிஸ் மைனர்: ரேடியேற்றரை மாற்றுவதற்கு முன்

கேள்வி சுருக்கமாக இது. திருகோணமலை உவர்மலையில் ஒரு 1964 மொரிஸ் மைனர் 1000, எஞ்சின் 1098 சீசீ. ஊருக்குள்ளும் நிலாவெளிப் பக்கமும் ஓடினால் ஒரு பிரச்சினையும் இல்லை. மத்தியான வெயிலில் கந்தளாய்ப் பக்கம் 70 கிமீ வேகத்தில் போனால், தம்பலகாமச் சந்தி தாண்டுவதற்குள் பொனெற்றுக்குள் இருந்து ஆவி வருகிறது. கராச்சில் தெர்மோஸ்ராற்றை (தண்ணீர் சூடானபின் மட்டும் ரேடியேற்றருக்கு வழிவிடும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டார்கள். ரேடியேற்றர் மூடி துருப்பிடித்திருந்ததால் ஒரு ஜப்பான் காரின் மூடியைப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. இப்போது "ரேடியேற்றரையே மாத்துங்கோ" என்கிறார்கள். மாற்றுவதா?

இப்போதைக்கு வேண்டாம். ரேடியேற்றர் குற்றவாளியாக இருக்கலாம், ஆனால் நீங்கள் சொன்ன அடையாளங்களில் அதைவிட மலிவான மூன்று சந்தேகங்கள் முன்னுக்கு நிற்கின்றன. ஒன்று ரேடியேற்றரின் கீழ் ஹோஸ், இரண்டு ரேடியேற்றர் மூடி, மூன்று இக்னிஷன் ரைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம். இந்த மூன்றையும் ஒரு சனிக்கிழமை காலையில் பார்த்து முடிக்கலாம்.

கார் எப்போது சூடாகிறது என்பதுதான் பாதி விடை. சந்தியில் நின்று ஓடும்போது சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்றுப் பிரச்சினை: ஃபேன், பெல்ற், அடைபட்ட ரேடியேற்றர் தகடுகள். நின்றால் ஒன்றுமில்லை, வேகமாக ஓடினால்தான் சூடு என்றால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை, அல்லது எஞ்சின் தேவைக்கு மேல் வெப்பத்தை உண்டாக்குகிறது. குளிர்ந்த எஞ்சினை இயக்கி ஐந்து நிமிடத்துக்குள்ளேயே தண்ணீர் பொங்கினால் ஹெட் கஸ்கெற்றை (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் அடைப்புத் தகடு) பார்க்க வேண்டும். ஓடி முடித்து நிறுத்தியபின் கொஞ்ச நேரம் கொதிக்கும் சத்தம் கேட்பது வேறு விசயம். பம்ப் நின்றுவிடுவதால் ஹெட்டில் தேங்கிய சூடு தண்ணீரில் ஏறுகிறது, அதுமட்டும் என்றால் பயப்பட வேண்டாம். உங்களுடையது இரண்டாவது வகை.

காலமும் சேர்ந்துகொள்கிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் கந்தளாய்ப் பக்கம் போகும்போது எதிர்க்காற்று. எஞ்சினுக்குச் சுமை கூடும், ஆனால் ரேடியேற்றருக்குள் காற்று நன்றாகப் புகும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில். நீங்கள் 70 இல் ஓட, பின்னால் 30 இல் காற்று அடித்தால் ரேடியேற்றர் உணர்வது 40 தான், அதுவும் நெருப்பு மாதிரிக் காற்று. ஆகவே திரும்பும் வழியில் மட்டும் சூடு கூடினால் காரை மட்டும் குறை சொல்லக்கூடாது. உங்களுக்குப் போகும்போதே ஆவி வருகிறது என்பதால் காரில் குறை இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் அந்த ஒரு லீற்றர் தண்ணீர். 1098 எஞ்சினில் ரேடியேற்றரும் பிளாக்கும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தரை லீற்றர் பிடிக்கும். 30 பாகையில் இருக்கும் தண்ணீர் 95 பாகைக்குப் போகும்போது நூற்றுக்கு மூன்றரை வீதம் அளவில் விரியும். அதாவது 200 மில்லிலீற்றருக்குச் சற்றுக் குறைவு. மைனரில் வெளியேறும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் போத்தல் கிடையாது. விரிந்தது ஓவர்ஃபுளோ குழாயால் வீதியில் போகும். கழுத்துவரை நிரப்பினால் ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பைத் தண்ணீர் போவது கார் கெட்டதற்கு அடையாளமே அல்ல. குளிர்ந்த எஞ்சினில் கழுத்துக்கு ஒரு அங்குலம் கீழே தண்ணீர் நின்றால் போதும். ஆனால் ஒரு லீற்றர் என்பது விரிவு அல்ல. ஒன்றில் கொதித்துப் போகிறது, அல்லது மூடி பிடிக்கவில்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது.

மூடிக்கு வருவோம். மைனர் 1000 க்கு உரியது 7 பீஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல்) அழுத்தம் பிடிக்கும் மூடி. அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 111 பாகையில்தான் கொதிக்கும். மூடி பிடிக்காவிட்டால் கடல்மட்டத்தில் இருக்கும் நம் ஊரில் 100 பாகையிலேயே கொதித்துவிடும். அந்த 11 பாகைதான் கந்தளாய் வீதியில் உங்களுக்கும் ஆவிக்கும் இடையில் இருக்கும் இடைவெளி. ஜப்பான் மூடிகளில் 0.9 அல்லது 1.1 என்று அடித்திருக்கும். அது 13 அல்லது 16 பீஎஸ்ஐ. அறுபது வருட ஈய ஒட்டுக்கும் பழைய ஹோஸுகளுக்கும் அது தேவையில்லாத சுமை. அதைவிட முக்கியம், அந்த மூடியின் அடி ரப்பர் இறங்கும் ஆழம் மைனரின் கழுத்தோடு பொருந்தாமல் இருக்கலாம். பொருந்தாத மூடி பார்க்க இறுகித்தான் இருக்கும், ஆனால் உள்ளே அழுத்தமே நிற்காது. சோதனை எளிது: கழுத்தின் உள் விளிம்பில் மெல்லியதாகக் கிறீஸ் பூசி மூடியைப் போட்டுக் கழற்றுங்கள். அடி ரப்பரில் முழு வட்டமாகக் கிறீஸ் பதிந்தால் அது உட்காருகிறது. பதியாவிட்டால் அல்லது பாதி வட்டம்தான் என்றால் அந்த மூடி வெறும் அலங்காரம். கழுத்தின் விளிம்பு நெளிந்திருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். 7 பீஎஸ்ஐ மூடி வாங்கும்போது பழைய மூடியை அல்ல, கழுத்தின் அளவைக் கொண்டுபோங்கள்: விளிம்பிலிருந்து உள் படிவரை உள்ள ஆழம்.

அடுத்தது கீழ் ஹோஸ். இதில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். மேல் ஹோஸுக்குள் தண்ணீர் தள்ளப்படுகிறது, கீழ் ஹோஸுக்குள் பம்ப் உறிஞ்சுகிறது. பழகிய ரப்பர் சூடானதும் தோசை மாதிரித் துவண்டுவிடும். உள்ளே தாங்கிப் பிடிக்கச் சுருள்கம்பி இல்லாவிட்டால், சுற்று ஏற ஏற ஹோஸின் நடுப்பகுதி வாயை மூடிக்கொள்ளும். ஊருக்குள் 1500 சுற்றில் ஒன்றும் தெரியாது. 70 கிமீ என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 2700 சுற்று அளவில் ஓடும், அதுவும் இடைவிடாமல். பார்க்கும் விதம்: காரை நன்றாக ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து நிறுத்துங்கள், எஞ்சினை அணைக்க வேண்டாம், ஹாண்ட் பிறேக் போட்டு கியரை நியூற்றலில் வையுங்கள். ஒருவர் எஞ்சினை 3000 சுற்றுக்கு உயர்த்திப் பிடிக்க, நீங்கள் ஃபேனுக்குக் கையையோ சாரத்தையோ கொடுக்காமல் டோர்ச் அடித்துக் கீழ் ஹோஸைப் பாருங்கள். நடுவில் பள்ளம் விழுந்து, சுற்று இறங்கியதும் மறுபடி உப்பினால் விடை கிடைத்துவிட்டது. சுருள்கம்பி உள்ள புது ஹோஸ் போடுங்கள். பழைய கம்பி கிடந்தால் அது துருப்பிடித்து உடைந்து பம்ப் இம்பெல்லருக்குள் போகும், ஆகவே கறையில்லாத உருக்குக் கம்பியில் ஒன்று சுற்றிப் போட்டுக்கொள்வது நல்லது. உள்ளே விரலை விட்டுப் பார்க்க மறக்க வேண்டாம். சில ஹோஸுகள் வெளியே நல்ல கறுப்பாக இருக்க, உள் உறை உரிந்து நாக்கு மாதிரித் தொங்கும்.

மூன்றாவது, ரைமிங். தண்ணீரில் கோளாறு தேடுபவர்கள் இதை மறந்துவிடுவார்கள். நெருப்புப் பொறி பிந்தினால் பெற்றோல் எக்ஸோஸ்ட் வால்வு திறக்கும்வரை எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சூடு முழுவதும் ஹெட்டுக்கும் தண்ணீருக்கும். இங்கே ஒரு உள்ளூர்க் காரணமும் உண்டு. 1098 எஞ்சினின் உயர் அமுக்க வகையில் அமுக்க விகிதம் 8.5. அதற்கு 92 ஒக்ரேன் பெற்றோல் ஊற்றினால் ஏற்றத்தில் கிளிக் கிளிக் என்று தட்டும் சத்தம் வரலாம். சத்தத்தை நிறுத்த கராச்சில், பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரைத் திருப்பி ரைமிங்கைப் பிந்தச் செய்துவிடுவார்கள். சத்தம் நிற்கும், எஞ்சின் வேகும். 95 ஊற்றி, ரைமிங்கைக் கையேட்டில் உள்ள எண்ணுக்குக் கொண்டுவருவதே சரியான வழி. அதற்கு முன் டிஸ்ரிபியூற்றருக்குள் திறந்து மூடும் பொயின்ற் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு, அதாவது 0.38 மிமீக்கு வையுங்கள், ஏனெனில் பொயின்ற் இடைவெளி மாறினால் ரைமிங்கும் மாறும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். அடையாள முட்கள் ரைமிங் மூடியின் அடிப்பக்கம் இருப்பதால் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். பெல்ற் ஓடும் கிராங் சக்கரத்தில் உள்ள வெட்டில் வெள்ளைச் சுண்ணாம்பு தடவிக்கொண்டால், ரைமிங் பார்க்கும் ஸ்ரோப் விளக்கின் வெளிச்சத்தில் தெரியும்.

அதோடு வக்கியூம் அட்வான்ஸ், அதாவது காபரேற்றரின் உறிஞ்சலால் பொறியை முந்தச் செய்யும் பாகம். காபரேற்றரில் இருந்து டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் அந்த மெல்லிய குழாயைக் காபரேற்றர் பக்கம் கழற்றி, டிஸ்ரிபியூற்றர் மூடியையும் திறந்து வைத்துவிட்டு, குழாயை வாயில் வைத்து உறிஞ்சுங்கள். உள்ளே இருக்கும் தட்டு அசைந்து, நாக்கால் குழாயை அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். காற்று தடையில்லாமல் வந்தால் உள்ளே உள்ள சவ்வு கிழிந்துவிட்டது. சவ்வு கிழிந்த கார் ஊருக்குள் நல்லாகவே ஓடும். அரை அக்சிலேற்றரில் நீண்ட நேரம் ஓடும்போதுதான் தேவையான அட்வான்ஸ் கிடைக்காமல் சூடேறும். உங்கள் கதைக்கு இதுவும் அப்படியே பொருந்துகிறது.

பெற்றோல் கலவை மெலிந்தாலும் இதே நோய்தான். பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள்: இளங்கபில நிறம் சரி, சுண்ணாம்பு வெள்ளை என்றால் மெலிவு. எஸ்யூ காபரேற்றரின் பிஸ்ரனை ஒரு மிமீக்கும் குறைவாகத் தூக்கும்போது எஞ்சின் சட்டென்று அணையப் போனால் கலவை மெலிவு, வேகம் ஏறி நின்றால் கலவை கூடுதல், கணநேரம் ஏறி மறுபடி அமர்ந்தால் சரி. கலவையைக் கூட்ட ஜெற்றை இறக்குவதற்கு முன் மனிபோல்ட் கஸ்கெற்றால் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள்.

இந்த மூன்றும் சுத்தமென்றால் ரேடியேற்றரைச் சோதிக்கலாம். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ரா ரெட் வெப்பமானி இதற்கு நல்ல ஆயுதம். பளபளக்கும் உலோகத்தில் அது பொய் சொல்லும். அளக்கும் இடங்களில் கறுப்பு இன்சுலேஷன் ரேப் ஒட்டிவிட்டு அதன்மேல் அளக்க வேண்டும். மேல் தொட்டியில் ஒரு துண்டு, கீழ்த் தொட்டியில் ஒரு துண்டு. ஓடிச் சூடான காரில் மேலே 85 முதல் 90, கீழே அதைவிடப் பத்துப் பாகையாவது குறைவு என்றால் ரேடியேற்றர் வேலை செய்கிறது. பின்பு தகடுகளின் மேல் கட்டம் கட்டமாக அளந்துகொண்டு போங்கள். ஓரிடத்தில் திடீரென்று குளிர்ந்த பட்டை வந்தால் அங்கே குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. கருவி இல்லாவிட்டால் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளங்கையைக் கிட்டவைத்துப் பார்க்கலாம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு என்பது போல ரேடியேற்றரிலும் சூடு இடத்துக்கு இடம் திடீரென்று மாறினால் நல்லதல்ல.

கழற்றியபின் இன்னொரு சோதனை: கீழ் வாயை உள்ளங்கையால் அடைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, கையைச் சடுதியாக எடுங்கள். தண்ணீர் குழாயின் முழு விட்டத்துக்கும் மொத்தமாகக் கொட்ட வேண்டும். நூல்போல் ஒழுகினால் அடைப்பு.

கடற்கரை ஊரில் வெளிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். செப்புத் தகடு உப்புக்காற்றில் பச்சை பூக்கும். விரல் நகத்தால் தகட்டை மெல்ல உரசிப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் உயிர் இருக்கிறது. பச்சைத் தூளாக உதிர்ந்தால் தகட்டுக்கும் குழாய்க்கும் உள்ள ஒட்டு போய்விட்டது. குழாய்க்குள் எவ்வளவு சுத்தம் செய்தாலும் சூடு வெளியேறாது. அப்போதுதான் புதுக் கோர் (இரு தொட்டிகளுக்கும் நடுவில் உள்ள குழாய்களும் தகடுகளும்) போடும் பேச்சு. அதுவும் முழு ரேடியேற்றரை வாங்குவதைவிட, உங்கள் பழைய மேல் கீழ்த் தொட்டிகளை வைத்துக்கொண்டு செப்புக் கோர் மாற்றுவதே மேல். பொருத்தும் துளைகளும் கழுத்தும் அப்படியே இருக்கும். மூன்று வரிசைக் கோர் கிடைத்தால் எடுங்கள். வேலை முடிந்ததும் மினுக்கமாகப் பெயின்ற் அடித்துத் தருவார்கள். தடித்த பெயின்ற் சூட்டுக்குப் போர்வை. மெல்லிய கறுப்பு ஒரு பூச்சுப் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தகடு நல்லாக இருந்து பூச்சியும் மணலும் மட்டும் அடைத்திருந்தால், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தோட்டக் குழாயால் மெதுவாகக் கழுவுங்கள். வாகனம் கழுவும் இடத்தின் அழுத்தக் குழாயைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், தகடு படுத்துவிடும். கிறில்லுக்கு முன்னால் இரண்டு பெரிய லாம்பும், சங்கு மாதிரி ஹோர்னும், பெயர்ப்பலகையும் பூட்டியிருந்தால் கழற்றி வையுங்கள். திருவிழாவுக்குப் போகும்போது மறுபடி பூட்டலாம்.

உள்ளே கழுவுவது பற்றி. நம் பக்கக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைத்தான் சிலிண்டரைச் சுற்றியும் படிகிறது. அது சூட்டைக் கடத்தாது. பிளாக்கின் பின் மூலையில், நாலாம் சிலிண்டரைச் சுற்றித்தான் துருச்சேறு அதிகம் தேங்கும், ஏனெனில் பம்ப் முன்னால் இருக்கிறது, பின்னால் ஓட்டம் குறைவு. பிளாக்கின் பின்பக்கம் தாழ்வில் உள்ள வடிகால் டப்பைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால் தண்ணீர் இல்லை என்று அர்த்தமல்ல, சேறு அடைத்திருக்கிறது. டப்பை முழுதாகக் கழற்றி, கம்பியால் குத்திக் குத்திச் சேற்றை எடுங்கள். ரேடியேற்றரை மட்டும் கழுவிப் பிளாக்கை விட்டால், பிளாக்கில் உள்ள சேறு ஒரு மாதத்தில் புது ரேடியேற்றருக்குள் போய்ச் சேரும். இந்த ஒரு காரணத்துக்காகவே "முதலில் ரேடியேற்றரை மாற்று" என்பது தவறான வரிசை.

சேற்றை எடுத்தபின் ஐந்தரை லீற்றர் தண்ணீருக்கு 250 கிராம் சித்திரிக் அமிலத் தூள் கரைத்து ஊற்றி, எஞ்சினை அரை மணி நேரம் சூடாக ஓட்டி, ஆறவிட்டு வடித்துவிடுங்கள். இரவு முழுவதும் விடவேண்டாம். தெர்மோஸ்ராற் மூடி அலுமினியம், அரிக்கும். பிறகு ஒரு கைப்பிடி அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை, வெறும் தண்ணீரால் மூன்று முறை கழுவுங்கள். மலசலகூடம் கழுவும் அசிட்டை ஊற்றச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அது சுண்ணாம்பை மட்டுமல்ல, பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் தகட்டு மூடிகளையும் தின்றுவிடும். அந்த மூடிகளில் ஒன்று மனிபோல்டுக்குப் பின்னால் ஓட்டை விழுந்தால் மாற்றுவது பெரிய வேலை.

தெர்மோஸ்ராற்றைக் கழற்றியது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். "தண்ணீர் வேகமாக ஓடினால் குளிர நேரம் இல்லாமல் போகும்" என்று சொல்பவர்களும் உண்டு, "தெர்மோஸ்ராற் நம்ம நாட்டுக்குத் தேவையில்லை" என்பவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை. அது ஒரு நெருக்கலாகவும் வேலை செய்கிறது: அதற்கு முன்னால் ஹெட்டுக்குள் தண்ணீரின் அழுத்தம் கொஞ்சம் கூடி நிற்பதால் எக்ஸோஸ்ட் வால்வுகளைச் சுற்றிக் குமிழி கட்டுவது குறைகிறது. கழற்றிவிட்டால் ஊருக்குள் எஞ்சின் சூடேறாமலே ஓடும், ஒயிலில் ஈரம் தங்கி வெள்ளைப் பசை பிடிக்கும், சிலிண்டர் தேயும். வேகத்தில் போகும்போது எந்த நன்மையும் இல்லை. நம் காலநிலைக்கு 74 பாகையில் திறப்பது போதும். 82 உம் பிழையில்லை. திறக்கும் பாகை சூட்டின் கீழெல்லையை மட்டும்தான் தீர்மானிக்கும். ரேடியேற்றர் போதாவிட்டால் 74 போட்டாலும் 100 க்குப் போகத்தான் போகும்.

புதிது வாங்கினாலும் பூட்டுமுன் சோதியுங்கள். சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்ராற்றை நூலில் கட்டி, சட்டியின் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். விளிம்பில் அடித்த எண்ணுக்கு இரண்டு மூன்று பாகைக்குள் திறக்கத் தொடங்க வேண்டும், கொதிக்குமுன் முழுதாகத் திறக்க வேண்டும். தட்டில் காற்றுப் போகும் சிறு துளை இல்லாவிட்டால் 3 மிமீ துளை ஒன்று போட்டுவிடுங்கள்.

தெர்மோஸ்ராற் மூடியைத் தாங்கும் மூன்று ஸ்ரட்டுகள்தான் (ஹெட்டில் பதித்த திருகாணிகள்) இந்த எஞ்சினின் பேர்போன தலையிடி. துரு அலுமினிய மூடியோடு அவற்றைப் பிடித்துவைக்கும். பலவந்தம் பண்ணினால் ஹெட்டோடு முறியும். நட்டுகள் அரை அங்குல ஸ்பனருக்கு உரியவை. 13 மிமீ ஸ்பனர் போகும், ஆனால் 0.3 மிமீ தளர்வு இருப்பதால் மூலை தேய்ந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை முதல்நாளே ஊற்றிவைத்து, கொஞ்சம் இளக்கி கொஞ்சம் இறுக்கி, மூடியைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டித்தட்டி எடுக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஸ்ரட்டுகளில் கொப்பர் கிறீஸ் பூசுங்கள்.

பம்ப் கிட்டவே இருப்பதால் அதையும் பார்த்துவிடுங்கள். பெல்ற்றைத் தளர்த்தி ஃபேனைப் பிடித்து ஆட்டினால் தளர்வு தெரியக்கூடாது. பம்பின் அடியில் உள்ள சிறு துளையால் தண்ணீர் சொட்டினால் சீல் போய்விட்டது. பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இரண்டு அங்குல நீளத்தில் ஒரு பைபாஸ் ஹோஸ் ஒளிந்திருக்கும். ஒரு லீற்றர் காணாமல் போவதற்கு அதுவும் காரணமாகலாம், ஏனெனில் அது வெடித்தால் தண்ணீர் சூடான பிளாக்கில் பட்டு உடனே ஆவியாகிவிடும், நிலத்தில் அடையாளம் விழாது. சுருக்கம் சுருக்கமாக இருக்கும் வகையை வாங்கினால் பம்பைக் கழற்றாமலே அமுக்கி நுழைக்கலாம். பம்பைக் கழற்றினால் நல்லதோ கெட்டதோ அந்த ஹோஸைப் புதிதாகவே போடுங்கள்.

பெல்ற்: நீண்ட பக்கத்தின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கினால் சரி. இரண்டு இறக்கை ஃபேன் என்றால் நாலு அல்லது ஆறு இறக்கைக்கு மாற்றுங்கள், ஆனால் இறக்கையை முன்பின் மாற்றிப் பூட்டாதீர்கள். காற்றுத் திசை மாறாது, ஆனால் அளவு நன்றாகக் குறையும்.

ஹெட் கஸ்கெற்றைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அது செலவானதும் உங்கள் அடையாளங்களோடு அவ்வளவு பொருந்தாததும்தான். ஆனால் பலமுறை கொதித்த எஞ்சின் என்பதால் விட்டுவிடவும் முடியாது. குளிர்ந்த எஞ்சினில் ஃபேன் பெல்ற்றைக் கழற்றி, ரேடியேற்றரைக் கழுத்துவரை நிரப்பி, மூடி போடாமல் இயக்குங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள், இடைவிடாமல் குமிழி வந்தால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் போகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். கொம்பிரஷன் பார்த்தால் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருப்பது இன்னொரு சாட்சி. ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள், 0.05 மிமீ ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் லேத் பட்டறையில் மட்டம் எடுக்க வேண்டும், வால்வு இருக்கைகளுக்கு இடையில் வெடிப்பு உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தடவையாகப் படிப்படியாக, 40 இறாத்தல் அடி முறுக்குவிசைக்கு இறுக்கி, சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பார்த்து, வால்வு இடைவெளியைக் குளிரில் 0.012 அங்குலத்துக்கு வையுங்கள்.

நிரப்பும்போது கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் நாலு லீற்றர், கூலன்ற் மூலத்திரவம் ஒன்றரை லீற்றர். நமக்கு உறைபனி இல்லை. கூலன்ற் போடுவது துருவைத் தடுக்க, அதற்கு இவ்வளவு போதும். பாதிக்குப் பாதி ஊற்றினால் தண்ணீர் சுமக்கும் வெப்பம்தான் குறையும். ஈய ஒட்டுள்ள பழைய ரேடியேற்றருக்கு சிலிக்கேற்று சேர்ந்த பழைய வகைதான் பாதுகாப்பு. போத்தலின் நிறத்தை நம்பாமல் லேபிளை வாசியுங்கள். ஹீற்றர் டப் இருந்தால் திறந்துவிட்டு, முன்பக்கம் சற்று உயர்ந்திருக்க நிறுத்தி (உவர்மலைச் சரிவு எதற்கு இருக்கிறது), மெதுவாக ஊற்றி, எஞ்சினை ஓட்டி, தெர்மோஸ்ராற் திறந்து மட்டம் இறங்கியதும் மீதியை ஊற்றுங்கள்.

எலெக்ரிக் ஃபேன் போடலாமா என்று அடுத்து கேட்கத் தோன்றும். உங்கள் காரின் சூடு வேகத்தில் வருவதால் அது உதவாது. 70 இல் வரும் காற்றை எந்த ஃபேனும் மிஞ்சாது. போட்டே ஆகவேண்டும் என்றால் இரண்டு விசயம். தொழிற்சாலை நிலையில் மைனர் பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றறியின் + முனைதான் காரின் உடலோடு பூட்டியிருக்கும். வயர்களை இப்போதைய காருக்குப் போல் கொடுத்தால் மோட்டர் தலைகீழாகச் சுற்றிக் காற்றை எதிர்ப்பக்கம் தள்ளும். அடுத்து டைனமோ: சி40 வகை முழுமூச்சில் கொடுப்பது 22 அம்பியர். ஃபேனும் ஹெட்லாம்பும் சேர்ந்தால் பற்றறி கரையும்.

அந்தக் காசுக்கு ஒரு வெப்பமானி பூட்டுங்கள். மைனரில் தொழிற்சாலையிலிருந்தே வெப்பமானி இல்லை, அதனால்தான் உங்களுக்கு முதல் தகவலே ஆவியாக வருகிறது. பல 1098 ஹெட்டுகளில் தெர்மோஸ்ராற்றுக்குக் கீழே முன்பக்கம் அதற்கான துளை ஒரு பிளக்கால் அடைத்திருக்கும். இல்லாவிட்டால் மேல் ஹோஸை வெட்டி இடையில் பூட்டும் குழாய்த் துண்டு கிடைக்கும். இன்னொரு இலவச எச்சரிக்கையும் உண்டு: ஓடும்போது இக்னிஷன் சிவப்பு விளக்கு எரிந்தால் அது பற்றறிப் பிரச்சினை மட்டுமல்ல. டைனமோவையும் நீர்ப்பம்பையும் ஒரே பெல்ற்தான் சுற்றுகிறது. உடனே நிறுத்துங்கள்.

வீதியில் ஆவி வந்துவிட்டால்: நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பொனெற்றைத் திறந்துவிட்டு, மூடியைத் தொடாமல் அரை மணி நேரமாவது இருங்கள். பிறகு தடித்த துணியை மடித்து வைத்து, கால் திருப்பு மட்டும் திருப்பி, சீறல் அடங்கியபின் முழுதாகத் திறவுங்கள். எஞ்சினை இயக்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். காய்ந்த சூட்டு ஹெட்டில் ஒரு வாளிக் குளிர்தண்ணீரைக் கொட்டினால் வெடிக்கும். வாய்க்கால் தண்ணீர்தான் கிடைக்கிறது என்றால் துணியில் வடித்து ஊற்றலாம், வீட்டுக்கு வந்ததும் வடித்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரே மாற்றத்தை ஒரு பயணத்தில் சோதியுங்கள். ஹோஸை மாற்றி ஒருநாள், ரைமிங் வைத்து ஒருநாள். அதே மத்தியானம், அதே 70, அதே வீதி. மூடி அழுத்தம் பிடிக்கிறது என்று உறுதியாகியபின் ஊசி 90 ஐ ஒட்டி நின்றால் கந்தளாய்க் குளக்கட்டில் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். 100 ஐத் தாண்டினால் 50 க்கு இறக்கிப் பாருங்கள்: அப்போது ஊசி இறங்கினால் மீதி இருப்பது ரேடியேற்றர் கோர்தான், அப்போது மாற்றுங்கள்.